ஒபிரி அண்ணன் கொண்டுவந்த லேப்டாப்

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து, குடும்ப வீட்டு முற்றத்தில் எல்லோரும் ஃபுஃபு உருண்டைகளை விழுங்கி, கை கழுவி, நாற்காலிகளில் சாய்ந்திருந்த நேரமாகப் பார்த்து ஒபிரி அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வயிறு நிறைந்தவர்கள் தாராளமாகப் புகழ்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். டிசம்பர் புழுதிக் காற்றில் கானாவின் குமாசி நகரம் முழுக்கச் செம்மண் படிந்து கிடக்கிறது, உதடு வெடிக்கிறது, உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது. இவன் மட்டும் ஹாம்பர்க்கில் வாங்கிய தோல் சட்டையைக் கழற்றாமல் கழுத்தெல்லாம் வியர்க்க நின்றான். போர்கா அல்லவா. வெளிநாட்டில் இருந்து வந்தவன் என்று பத்தடி தூரத்திலேயே தெரியாவிட்டால் அப்புறம் எதற்கு விமானம் ஏறுவது?

நடு நாற்காலியில் பெதியாக்கோ மாமா இருந்தார். குடும்பத் தலைவர். அவர் சொன்னால் அந்த வீட்டில் மழைகூட நின்று பெய்யும். ஒபிரி அவரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினான்.

"மாமா, எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்றேன். நம்ம பிராகோ சாவு போஸ்டர், கல்யாண போஸ்டர்னு டிசைன் பண்ணிக்கிட்டு இருக்கு. ஒரு ஓட்டை மெஷினை வச்சிக்கிட்டு மாரடிக்குது. பார்த்தேன், மனசு கேக்கல. அண்ணன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கேன்? இந்தா தங்கச்சி. ஜெர்மனியில இருந்து உனக்கு என் அன்பளிப்பு."

கைதட்டல் எழுந்தது. ஒரு சித்தி எழுந்து நின்று வெள்ளைக் கைக்குட்டையைச் சுழற்றி நாலு எட்டு ஆடவும் செய்தாள். பிராகோ கைதட்டவில்லை. அன்பளிப்பா? அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவள் காசு. ராப்பகலாகக் கண் எரிய எரிய உழைத்துச் சேர்த்த அவள் காசு.

அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் இருந்த அவள் அம்மா போமா, துணிக்கு அடியில் கையை விட்டு அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். சபையில் பெரியவர்கள் இருக்க, கொடுத்தவன் முகத்தில் அடித்தாற்போலப் பேசக் கூடாதாம். பிராகோ பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். பொண்ணு வெட்கப்படுது என்று யாரோ சொன்னார்கள்.

நடந்தது இதுதான். ஒபிரி அவளுக்குப் பெரியம்மா மகன். போன ஈஸ்டருக்கு ஒரு சாவுக்காக வந்தவன், பிராகோ லேப்டாப் வாங்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டு அவனாகவே ஒரு யோசனை சொன்னான். "இங்க வாங்காதே தங்கச்சி, ஏமாத்திடுவானுங்க. காசை நம்ம ஊர் நோட்டா, சீடியாவே என்கிட்ட குடு. நான் கட்டுற வீட்டுக்கு சிமெண்ட் வாங்க எனக்கும் உதவும். நான் அங்க யூரோவுல நல்ல சரக்கா வாங்கிட்டு டிசம்பர்ல கொண்டாந்துடறேன்." நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஊரில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். பிராகோவுக்கு அன்று ஒரு போஸ்டர் அவசரம். காசை அம்மாதான் முந்தியில் முடிந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். சாட்சி கிடையாது, துண்டுச் சீட்டு கிடையாது. அண்ணன் தங்கைக்குள் சாட்சி கேட்டால் குடும்பத்தின் முகத்தில் கரி பூசின மாதிரி. காசு கொடுப்பதற்குச் சாட்சி வேண்டாம், பரிசு வாங்கினால் மட்டும் மறுநாள் விடிகாலையில் சாட்சியோடு போய் நன்றி சொல்ல வேண்டும். என்ன நியாயமோ, கடவுளுக்கே வெளிச்சம்.

எந்த மெஷின் வேண்டும் என்று அவள் படம் அனுப்பினாள், பெயர் அனுப்பினாள், திரையைப் பற்றித் தனியாகக் குரல் பதிந்து அனுப்பினாள். "பார்த்துக்கறேன் தங்கச்சி" என்று ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் படம் போட்டான். கடைசியில் கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு, உடைத்த புண்ணியத்தையும் தானே வைத்துக்கொண்டான்.

அன்று மத்தியானமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிராகோ தன் கடைக்குப் போனாள். பக்கத்துக் கடையில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் இயந்திரம் வைத்திருப்பவள் திவா. பிராகோ வடிவமைப்பதை எல்லாம் அவள்தான் அச்சடிப்பாள். உடம்பும் பெரிது, வாயும் பெரிது. பெட்டியைப் பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் செருப்பை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மூடியைத் திறந்ததும் விசைகள் சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறி எரிந்தன.

"அடியே, இது லேப்டாப்பா, டான்ஸ் கிளப்பா?" என்றாள் திவா.

"விளையாட்டு மெஷின் அக்கா. பசங்க உக்காந்து சுட்டுச் சுட்டு விளையாடுவானுங்களே, அதுக்கு."

"சாவு வீட்டுக்காரங்க வரும்போது போட்டுக் காமி. அழறதை நிறுத்திட்டு ஆடுவாங்க."

விசைப்பலகை ஜெர்மன்காரனுடையது. யா, யெபோவா என்று ஊரில் பாதிப் பேருக்குப் பெயர் தொடங்குகிற ஒய் எழுத்தே வேறு இடத்தில் கிடந்தது. போகட்டும், அதற்கு ஒட்டிக்கொள்ளும் எழுத்துகள் கடையில் விற்கிறார்கள். பிராகோவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவள் பென்டிரைவைச் செருகி, அந்த வார வேலையின் படத்தைத் திறந்தாள். இறந்துபோன ராணியம்மா, தக்காளிச் சந்தைப் பெண்களின் தலைவி. முப்பது வருஷம் சந்தையை ஒரு பார்வையில் ஆண்ட மனுஷி. வியாழக்கிழமைக்குள் சந்தையின் நாலு வாசலுக்கும் ஃப்ளெக்ஸ் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

திரையில் ராணியம்மாவின் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. பிராகோ தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தாள், முகம் நீலமானது. எழுந்து நின்று பார்த்தாள், வெளிறிப்போனது. உட்கார்ந்தாள், மறுபடி சாம்பல். எது அந்த அம்மாவின் நிறம் என்று அந்தத் திரைக்கே தெரியவில்லை.

கருப்பு என்று ஒரு நிறம் கிடையாது. செம்பு கலந்த கருப்பு உண்டு, தேன் கலந்தது உண்டு, நாவல் பழத்தின் நீலம் ஓடுவது உண்டு. செத்தவர்களின் பழைய படத்தை வெட்டியெடுத்து, கென்டே துணி உடுத்தி, பின்னால் மேகம் போட்டு, 'மகிமைக்கு அழைக்கப்பட்டார்' என்று தங்க எழுத்தில் எழுத யாராலும் முடியும். அந்த முகத்தின் சொந்த நிறத்தைக் கொண்டுவருவதற்குத்தான் மக்கள் பிராகோவைத் தேடி வந்தார்கள். அவளுடைய பழைய மெஷினின் திரை கெடத் தொடங்கியதும் அதுவும் போயிற்று. ஒரு தலைமை ஆசிரியையின் முகம் சவக்களையோடு அச்சாகித் தெருவில் தொங்கியது. மகன்கள் ஏணி போட்டு ஏறி ஃப்ளெக்ஸைக் கிழித்துக்கொண்டு வந்து இவள் கடை வாசலில் வீசினார்கள். "எங்கம்மாவைப் பேயா அடிச்சு வச்சிருக்கே" என்று தெருவே கேட்கக் கத்தினார்கள். அன்றைக்குப் பிறகு இரண்டு தேவாலயங்கள் இவள் பக்கம் திரும்பவில்லை. இப்போது ராணியம்மா வேலை வந்ததே திவா மன்றாடி வாங்கிக் கொடுத்ததுதான். இதிலும் முகம் கெட்டால் கடைப் பலகையைக் கழற்றிவிட்டு வாழைக்காய் பொரிக்கப் போக வேண்டியதுதான்.

"என்னடி பண்ணப் போறே?" என்றாள் திவா. அவள் குரலில் கேலி போயிருந்தது.

"அடுமு கடைத்தெருவுல ஒஃபோசு கடையில ஒண்ணு இருக்கு அக்கா. பழசுதான். ஆனா திரை அவ்வளவு சுத்தம். எத்தனை தடவை போய்ப் போட்டுப் பார்த்திருக்கேன் தெரியுமா? அங்க இந்த விளையாட்டு மெஷினுக்குப் பசங்க உசிரை விடுவானுங்க. இதைக் குடுத்துட்டு அதை எடுத்துக்கலாம்."

"அப்ப நாளைக்கே போ."

"நாளைக்கு விடிகாலை நன்றி சொல்லணுமே."

திவாவுக்கும் வழக்கம் தெரியும். சாட்சிகளோடு போய், ஷ்னாப்ஸ் சாராயக் குப்பியை வைத்து, நன்றி என்று சொல்லி, அந்தக் குப்பி திறந்து தரையில் முன்னோருக்கு ஒரு சொட்டு விழுந்துவிட்டால் முடிந்தது. அன்பளிப்பு அன்பளிப்புதான். கொடுத்தவனும் திரும்பக் கேட்க முடியாது, வாங்கியவளும் இல்லையென்று சொல்ல முடியாது. அண்ணன் கொடுத்த பரிசை மறுநாளே அடுமு கடையில் தள்ளிவிட்டால் ஊர் காறித் துப்பும். அவள் சொந்தப் பொருள் என்றால் எவன் கேட்பது? பிராகோவின் பிழைப்பு முழுவதும் இப்போது அந்த மூடிய குப்பியில் வந்து நின்றது.

சாயங்காலம் அம்மா வந்தாள், கையில் குப்பியோடு. அவளே வாங்கிவிட்டாள்.

"விடிகாலையிலே கிளம்பணும். அந்த வெள்ளைத் துணியைக் கட்டிக்கோ. திவா, நீயும் சாட்சிக்கு வந்துடும்மா."

"எதுக்கும்மா நன்றி?" என்றாள் பிராகோ. "என் காசுக்கு நானே நன்றி சொல்லணுமா?"

"மெதுவாப் பேசு."

"யார் கொண்டுபோய்க் குடுத்தது? நீதானே? உன் கையால குடுத்துட்டு, நேத்து அவன் அன்பளிப்புன்னு சொல்லும்போது என் தொடையைக் கிள்றே. அவன் தொடையை இல்ல கிள்ளியிருக்கணும்."

"நேத்து இல்லடி, இன்னைக்கு மத்தியானம்."

"எனக்கு ஒரு யுகம் ஆன மாதிரி இருக்கு."

அம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். ஒபிரி கட்டிக்கொண்டிருந்த வீட்டில், கூரை போட்ட ஒரே அறையில்தான் அவள் இருந்தாள். காவலுக்கு என்று பேர். வாடகை கிடையாது. "அவன் வெளியே போன்னு சொன்னா நான் எங்கடி போவேன்? உன் கடைக்குப் பின்னால கால் நீட்ட இடம் இருக்கா? ஒரு வார்த்தை. நன்றின்னு ஒரு வார்த்தை. உன் வாய் என்ன தேஞ்சா போயிடும்?"

"தேயறது வாய் இல்லம்மா, என் பொழைப்பு."

"மெஷின்தான் வந்துடுச்சே. அதுலயே வேலை பாரு. எல்லாம் ஒரே டிவி மாதிரிதானே."

பிராகோ லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பினாள். "யார் இது, சொல்லு."

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். ராணியம்மாவிடம் தக்காளி வாங்கியே வாழ்ந்தவள். "யாரோ நோயாளிப் பொம்பளை" என்றாள்.

திவா சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே போய்விட்டாள். பிராகோவுக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினை மூடி, கடையைச் சாத்தினாள்.

மறுநாள் விடிந்தும் விடியாத வேளையில் மூன்று பேரும் குடும்ப வீட்டு முற்றத்தில் இருந்தார்கள். பிராகோ வெள்ளைத் துணி கட்டவில்லை. வேலைக்குப் போகும் பழைய சட்டையில் இருந்தாள். மடியில் லேப்டாப் பெட்டி. ஒபிரி மாமாவின் வலப்பக்கம் உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்திலும் அதே தோல் சட்டையில் இருந்தான். தண்ணீர் வந்தது. எல்லோரும் ஒரு வாய் குடித்தார்கள். தண்ணீர் குடிக்காமல் அந்த வீட்டில் நல்ல செய்தியும் கிடையாது, சண்டையும் கிடையாது.

"இங்க எல்லாரும் சுகம்" என்றார் மாமா. "வழி நடந்து வந்தவங்க நீங்க. வந்த விஷயத்தைச் சொல்லுங்க." அவர் கண் அம்மா கையில் இருந்த குப்பியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

அம்மா எழுந்தாள். "கெட்ட விஷயம் எதுவும் இல்ல அண்ணா. நேத்து என் பிள்ளை ஒபிரி தன் தங்கச்சிக்குப் பெரிய உபகாரம் பண்ணினான். ராத்திரி படுத்தோம், தூக்கம் வரல, அவ்வளவு சந்தோஷம். அதான் நன்றி சொல்லி இந்தக் குப்பியை..."

"நான் நன்றி சொல்ல வரல மாமா" என்றாள் பிராகோ.

முற்றத்துக் கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டு குறுக்கே ஓடியது.

"வேற எதுக்கு வந்தே?" என்றார் மாமா.

"மெஷினைச் சுமந்து வந்த கூலியைக் குடுக்க வந்தேன். சந்தையில நம்ம மூட்டையைத் தலையில சுமந்து வர்ற பொண்ணுக்குக் கூலி குடுக்கிறோம் இல்ல? அண்ணன் ஹாம்பர்க்ல இருந்து என் மூட்டையைச் சுமந்துட்டு வந்திருக்காரு. பொருள் என்னுது. காசு என்னுது. கூலி எவ்வளவுன்னு அவரே சொல்லட்டும்."

ஒபிரியின் தூக்கம் பறந்துவிட்டது. போர்காவைப் பார்த்துச் சுமைகூலிக்காரி என்று சொன்னால் விடுவானா? "என்ன வாய் மாமா இதுக்கு, பார்த்தீங்களா? குடுத்த கையைக் கடிக்கிற நாயைப் பார்த்திருக்கேன், குடுத்த மறுநாளே கடிக்கிறதை இப்பத்தான் பார்க்கிறேன். கெஞ்சிக் கெஞ்சி மெசேஜ் அனுப்பினே இல்ல? இரக்கப்பட்டு வாங்கியாந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"கெஞ்சினேனா? என் காசுல எதை வாங்கணும்னு சொன்னேன். அதையும் வாங்கல நீங்க."

"எந்தக் காசு?" என்றான் ஒபிரி. நாலு பேர் எதிரில், மாமா எதிரில், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கேட்டான். "மாமா, கேளுங்க அவளை. எந்தக் காசு, எப்பக் குடுத்தா, யார் பார்த்தாங்க?"

மாமா பிராகோவைப் பார்த்தார். "சொல்லும்மா. யார் பார்த்தது?"

"அம்மாதான் கொண்டுபோய்க் குடுத்தாங்க."

எல்லோரும் போமாவைப் பார்த்தார்கள். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், குப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு. ஒபிரி அவளைப் பார்த்துச் சிரித்தான். வாய் மட்டும் சிரித்தது. "சொல்லுங்க சின்னம்மா. உங்க ரூமுக்குக் கதவு மாத்தணும்னு நேத்துக்கூடப் பேசிக்கிட்டோம். உள்ளதைச் சொல்லுங்க."

பிராகோ அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பெற்ற வயிறு. அந்த வாயில் இருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணா" என்றாள் அம்மா தரையைப் பார்த்து. "நான் எந்தக் காசையும் பார்க்கல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அம்மா உட்கார்ந்தாள். பிராகோவுக்கு ஒபிரி மேல் இருந்த கோபம் அந்தக் கணத்தில் சின்னதாகிப் போயிற்று. அவன் யாரோ. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவன். இவள் அம்மா. அழுதுவிடக் கூடாதே என்று பெட்டியின் விளிம்பை விரல் வலிக்கப் பிடித்துக்கொண்டாள். திவா மட்டும் "ம்ம்" என்று நீளமாக ஒரு சத்தம் எழுப்பினாள்.

மாமா பெருமூச்சு விட்டார். "அப்புறம் என்னம்மா? சாட்சி இல்லாத பேச்சு. குப்பியை இப்படிக் குடு போமா."

அம்மா எழுந்துபோய் நீட்டினாள். மாமா குப்பியை வாங்கி, மூடியில் கட்டைவிரலை வைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம் ஒபிரி. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மெஷினும் அன்பளிப்பு, பேரும் அவனுக்கு. ஆனால் போர்காவுக்குத் தாராள மனசு வந்துவிட்டது.

"விடுங்க மாமா" என்று கையை விரித்தான். "சின்னப் பொண்ணு. எனக்குக் கோபமே இல்ல. ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடறேன், அதுக்குப் புரியணும். தங்கச்சி, நீ கேட்டியே அந்த மெஷின், அங்க என்ன விலை தெரியுமா உனக்கு? நீ குடுத்தனுப்பின சீடி அதுல பாதிக்குக்கூடக் காணாது. என் கையில இருந்து போட்டுத்தான் இதையே வாங்க வேண்டியதாப் போச்சு. அதை நினைச்சுப் பாரு."

தவளை தன் வாயால் கெட்டது. அவனுக்கே அது உடனே தெரியவில்லை. விரித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தான்.

மாமா மூடியில் இருந்து கட்டைவிரலை எடுத்தார். "குடுத்தனுப்பின சீடியா?"

ஒபிரியின் கை இறங்கியது. "இல்ல மாமா, அது வந்து... ஏதோ கொஞ்சம்..."

"கொஞ்சமோ நிறையவோ. குடுத்தாளா?"

"நான் என் கைக்காசு போட்டிருக்கேன் மாமா. சாமி சத்தியமா."

"போட்டியா போடலையா, அது வேற பேச்சு. அதை நீயும் அவளும் உக்காந்து பேசித் தீருங்க. நேத்து இதே இடத்துல முழுசும் என்னோடதுன்னு சொன்னே. நான் கைதட்டினேன். இந்த வயசுல, அத்தனை பேர் எதிர்ல, என்னைக் கைதட்ட வச்சே." மாமாவின் குரல் உயரவில்லை. ஆனால் ஒபிரி தோல் சட்டையின் பித்தானைக் கழற்றத் தொடங்கினான். இத்தனை நாளில் அப்போதுதான் அவனுக்குச் சூடு தெரிந்தது போலிருக்கிறது.

மாமா குப்பியைக் கடைசியாக ஒரு தரம் ஆசையோடு பார்த்துவிட்டு பிராகோவிடம் நீட்டினார். "மூடி திறக்கல. எல்லாரும் பார்த்துக்கோங்க. நன்றி நடக்கல, அதனால அன்பளிப்பும் இல்ல. மெஷின் பொண்ணோடது. எடுத்துட்டுப் போம்மா. கூலி அது இதுன்னு இனிமே பெரியவன்கிட்டப் பேசாதே."

"சரி மாமா" என்றாள் பிராகோ. குப்பியை வாங்கி, எழுந்தாள். ஒபிரியைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் திவாவுக்கு வாய் நமநமத்தது. "அவன் மூஞ்சி போன போக்கைப் பார்த்தியா? என் இயந்திரத்துல அதை அடிச்சு மாட்டணும். சாவு போஸ்டர்ல போடற மாதிரியே 'ஐயோ, என்ன அதிர்ச்சி'ன்னு மேல தலைப்பு போட்டு." பிராகோ சிரிக்காததைக் கண்டு அவள் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இயந்திரத்தைச் சூடாக்கணும், சாயங்காலத்துக்குள்ள ஃபைலைக் குடு என்று சொல்லிவிட்டுப் போனாள். பிராகோ குப்பியை அவள் கையிலேயே திணித்தாள். எனக்கெதுக்கு என்று கேட்டாலும் திவா வாங்கிக்கொண்டாள்.

அடுமுக்குப் போகும் வேனில் பிராகோ ஏறினாள். பின்னாலேயே அம்மாவும் ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை. நெரிசலில் நாலு பேருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முந்தியைப் பிசைந்துகொண்டே வந்தாள். இறங்கியதும் பத்தடி பின்னால் நடந்தாள்.

ஒஃபோசு அப்போதுதான் கடையைத் திறந்து கண்ணாடிகளில் படிந்த புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தான். விளையாட்டு மெஷினைத் திறந்து விசைகள் எரிவதைப் பார்த்ததும் அவன் முகமும் எரிந்தது. வியாபாரி ஆதலால் உடனே அணைத்துக்கொண்டான்.

"ஜெர்மன் கீபோர்டு. யார் வாங்குவாங்க இதை?"

"நீ மத்தியானத்துக்குள்ள வித்துடுவே. நடிக்காதே. அந்த மேல் தட்டுல இருக்கிறதை எடு."

"அது அழகே இல்லையே அக்கா. மூலையில நசுங்கியிருக்கு. ரெண்டு வருஷப் பழசு. புதுசா வெள்ளையா ஒண்ணு வந்திருக்கு, லேடீஸுக்குன்னே, ரொம்ப லேசு. உங்க வீட்டுக்காரர் பார்த்தா..."

"தம்பி, எனக்கு இருக்கிற கோபத்துக்கு இன்னைக்கு நீ மாட்டிக்காதே. அதை எடு."

அவன் எடுத்தான். கனமான, சாம்பல் நிற மெஷின். பிராகோ பென்டிரைவைச் செருகினாள். ராணியம்மா திரையில் வந்தாள். நெற்றியில் செம்பு, கன்னத்துக்குக் கீழே பழுத்த நாவல், கண்ணோரம் மட்டும் கொஞ்சம் தேன். பிராகோ இடப்பக்கம் சாய்ந்தாள், வலப்பக்கம் சாய்ந்தாள், எழுந்து நின்றாள். அந்த அம்மா மாறவில்லை. சந்தையில் விலை பேச வந்தவளைப் பார்க்கிற மாதிரி முறைத்தாள். பிராகோ மற்றவற்றையும் பார்த்தாள்: நினைவகம், மின்கலம், பெரிய ஃபைலைத் திறந்தால் திணறுகிறதா, மடக்கும் கீல் ஆடுகிறதா. எல்லாம் சரி.

"இது போதும்" என்றாள்.

ஒஃபோசு விளையாட்டு மெஷினைப் பெட்டிக்குள் வைக்கப் போனவன் நின்றான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. பில் இல்லாத வெளிநாட்டு மெஷின். போன மாசம் இப்படி ஒண்ணை வாங்கி, திருட்டுச் சரக்குன்னு போலீஸ் வந்து கடையையே கலைச்சுப் போட்டுட்டாங்க. இது உங்களோடதுதான்னு யாராவது பொறுப்பு நிக்கணும்."

"திவா அக்காவைக் கூப்பிடறேன்" என்று பிராகோ போனை எடுத்தாள்.

"நான் நிக்கறேன்" என்றது வாசலில் இருந்து ஒரு குரல்.

அம்மா உள்ளே வந்தாள். நிமிர்ந்துதான் வந்தாள். மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, ஒஃபோசுவின் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"நான் பெத்த பொண்ணு இது. அந்த மெஷின் இவ காசுல வாங்கினது. அவ்வளவும் இவ உழைச்ச காசு தம்பி, ஒரு சீடி ஓசி கிடையாது. போன ஈஸ்டர் கழிஞ்ச செவ்வாய்க்கிழமை என் முந்தியில முடிஞ்சு நானே கொண்டுபோய் எங்க அக்கா மகன் கையில குடுத்தேன். மாமரத்தடியில உக்காந்திருந்தான். எச்சில் தொட்டு எண்ணி வாங்கினான். நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். எந்தப் போலீஸ் வந்தாலும் என்னைக் கூப்பிடு, வந்து சொல்றேன்."

ஒரு இடத்தில்கூட அவளுக்கு நாக்குத் தடுமாறவில்லை.

"அது போதும்மா" என்றான் ஒஃபோசு. "இப்படி ஒரு அம்மா கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும் அக்கா."

பிராகோவின் காது மடல் இரண்டும் கொதித்தன. மேசைமேல் ஊன்றியிருந்த அம்மாவின் கையையே பார்த்தாள்.

"உனக்கு எவ்வளவு நல்லாப் பேச வருதும்மா" என்றாள்.

"அங்க அவன் இருந்தான்டி" என்றாள் அம்மா மெதுவாக.

"நானும் இருந்தேன்."

அம்மா மேசையில் இருந்து கையை எடுத்தாள். ஒஃபோசு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் ஒரு தாளை நீட்டினான். அம்மா கையெழுத்துப் போட்டாள். பிராகோ தடுக்கவில்லை, மெஷின் வேண்டும், வியாழக்கிழமை ராணியம்மா சந்தையில் நிற்க வேண்டும். மெஷினைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வேன் நிறுத்தத்தில் அம்மாவின் வீட்டுப் பக்கம் போகும் வேன் நின்றிருந்தது. அம்மாவை அதில் ஏற்றி, ஓட்டுநரின் உதவியாளிடம் அவளுக்கான காசைக் கொடுத்தாள். கதவு மூடும் வரை நின்றாள். பிறகு தெருவைக் கடந்து எதிர்த்திசை வேனில் ஏறிக் கடைக்குப் போனாள்.